பலகை மரத்துக்குள்ள, தண்டம் என்ர கையில: எங்க முறையிடுறது?

வெள்ளவத்தையான்:
போன வியாழன் பின்னேரம் காலி வீதியில இருந்து கடற்கரைப் பக்கம் இறங்கிற ஒரு ஒழுங்கையில காரை விட்டிட்டு அம்மாவுக்கு மருந்து வாங்கப் போனன். பத்து நிமிசம் இருக்காது. திரும்பி வந்தா சாஜன் ஒருத்தர் நிக்கிறார், வாகனம் நிப்பாட்டக் கூடாதெண்ட பலகை தெரியேல்லையோ எண்டு சிங்களத்தில கேட்டார். தெரியேல்லைத்தான், ஆற்றையோ வீட்டு மாமரக் கொப்பு அதை முழுசா மூடியிருக்கு. லைசனை வாங்கிக்கொண்டு தண்டப் பத்திரத்தைத் தந்திட்டார். மரத்தோட சேர்த்துப் படம் எடுத்து வைச்சிருக்கிறன். மேலிடத்துக்கு எழுதினா தண்டத்தை நீக்குவினமோ? அதுவரைக்கும் கட்டாமல் இருக்கலாமோ?

கொட்டாஞ்சேனை ரிஸ்வி:
எழுதினது பொலிஸா, பார்க்கிங் காசு சேர்க்கிற ஆளா? மாநகர சபை துண்டுண்டா முறைப்பாடு நகர மண்டபத்துக்குப் போகணும், பொலிஸ்ல ஒண்டும் நடக்காது.

வெள்ளவத்தையான்:
பொலிஸ்தான். லைசனும் அவையளிட்டத்தான் கிடக்கு.

புதுக்கடைப் பழசு:
தம்பி, முறைப்பாடு வேற, தண்டம் வேற. இதைக் குழப்பித்தான் கனபேர் மாட்டுப்படுறது.

தண்டத்தைத் தபால் கந்தோரில 14 நாளுக்குள்ள கட்ட வேணும். அதுவரைக்கும் அந்தப் பத்திரம்தான் உங்கட தற்காலிக லைசன். 14 தாண்டினா 28ஆம் நாள் வரைக்கும் இரட்டிப்பு, அதுக்குப் பிறகு வழக்கு. நீங்க ஆருக்குக் கடிதம் போட்டாலும் இந்த நாள் கணக்கு நிக்காது.

கட்டினா விசயம் முடிஞ்சுது, ரசீதைக் காட்டி லைசனை எடுக்கலாம். பிழை என்னில இல்லை எண்டு நிக்கப்போறீங்களெண்டா கட்டாதேங்கோ. பத்திரத்தில நீதிமன்றத் திகதி கிடக்கோ எண்டு பாருங்கோ. நீதவானுக்கு முன்னால "சுற்றவாளி", அதாவது குற்றம் செய்யேல்லை எண்டு சொன்னா வழக்கு விசாரணைக்குத் திகதி போடுவினம், சாஜன் வந்து சாட்சி சொல்ல வேணும். உங்கட படத்துக்கு அங்கதான் மதிப்பு. குற்றவாளியாக் கண்டா தபால் கந்தோரில கட்டுறதை விடக் கூடவும் விதிக்கலாம், அதையும் யோசியுங்கோ. சிங்களம் ஓடாட்டி பயப்பிடாதேங்கோ, மொழிபெயர்ப்பு கேக்கிற உரிமை அரசியலமைப்பிலயே இருக்கு.

சாஜன் மரியாதையில்லாமல் நடந்தவர், காசு கேட்டவர் எண்டா அது தேசிய பொலிஸ் ஆணைக்குழுவுக்குரிய விசயம். தமிழிலயே எழுதலாம். ஆனா அவை தண்டத்தை அழிக்கிற ஆக்களில்லை.

தெஹிவளை மகேஸ்:
கட்டிட்டு வேலையைப் பாருங்கோ அண்ணை. புதுக்கடைக் கோட்டுக்கு ரெண்டு தரம் அலைஞ்சா லீவு போகும், லோயருக்கும் குடுக்க வேணும்.

கொட்டாஞ்சேனை ரிஸ்வி:
அந்தப் பலகையை யார் நட்டது, எந்த உத்தரவில எண்டு தகவல் அறியும் சட்டத்தில கேட்டா என்ன? 2016ஆம் ஆண்டு 12ஆம் இலக்கச் சட்டம்.

புதுக்கடைப் பழசு:
நல்ல யோசனை, வழக்குக்கு உதவும். ஆனா அங்க தகவல் அதிகாரிக்கு 14 *வேலை* நாள், தண்டத்துக்கு வெறும் 14 நாள். சனி ஞாயிறு உங்கட கணக்கில மட்டும்தான் ஓடும்.

வத்தளை நிஷா:
குறுக்க வாறதுக்கு மன்னிக்கணும். நான் வித்த வேனுக்கு கேமராத் தண்டம் எங்க வீட்டுப் பக்கத்துப் பொலிஸால வந்திருக்கு!

புதுக்கடைப் பழசு:
2024 ஜனவரியில இருந்து கொழும்பில கேமராவில பிடிபட்டா பதிவிலுள்ள உரிமையாளருக்குத்தான் பத்திரம் வரும் பிள்ளை. வித்த பத்திரங்களோட உடன அந்தப் பொலிஸுக்குப் போங்கோ, உரிமை மாத்தத்தையும் முடியுங்கோ. மிச்சத்தைப் புது இழையில கேளுங்கோ.

வெள்ளவத்தையான்:
இண்டைக்குப் படத்தோட போக்குவரத்துப் பொலிஸ் பொறுப்பதிகாரியை (ஓஐசி) பார்த்தன். தன்மையான மனுசன். எழுதின பத்திரத்தைத் தான் கிழிக்கேலாது, வழக்கில சொல்லுங்கோ எண்டார். வாற வழியில பார்த்தா கொப்பை வெட்டியிருக்கினம், பலகை பளிச்செண்டு தெரியுது. நல்ல காலம், என்ர படத்தில திகதி இருக்கு. கட்டேல்ல. புதுக்கடைக்குத்தான் போறன்.