வெள்ளைக் கற்கள் இரண்டு: எது குவார்ட்ஸ், எது கால்சைட்?

கேள்வி

வணக்கம். கைக்கு அடக்கமான வெள்ளைக் கற்கள் இரண்டு என்னிடம் இருக்கின்றன. படங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தால் ஒரு நாள் இரண்டும் குவார்ட்ஸ் என்ற கனிமம் என்றும் மறுநாள் இரண்டும் கால்சைட் என்ற கனிமம் என்றும் தோன்றுகிறது. நிலவியலாளர்கள் எதைப் பார்த்து முடிவு செய்கிறார்கள்? இன்னோர் ஐயமும் உண்டு. கிரானைட், ரயோலைட் என்ற இரு பாறைகளும் ஏறத்தாழ ஒரே வேதியியல் சேர்க்கை கொண்டவை என்று படித்தேன். அப்படியிருக்க, இரண்டு பெயர்கள் எதற்கு?

பதில் 1

படங்களோடு ஒப்பிடுவதை முதலில் நிறுத்திவிடுங்கள். கனிமத்தின் பண்புகளில் நிறத்தைப் போல ஆளை ஏமாற்றுவது வேறில்லை. தூய குவார்ட்ஸ் நிறமற்றது. அதில் துளியளவு இரும்பு கலந்து, இயற்கைக் கதிர்வீச்சும் பட்டால் அதுவே ஊதா நிறச் செவ்வந்திக்கல் ஆகிவிடுகிறது. ஆனால் உள்ளே அணுக்கள் அடுக்கப்பட்டிருக்கும் முறையிலிருந்து வரும் கடினத்தன்மையும் உடையும் விதமும் அவ்வாறு எளிதில் மாறுவதில்லை.

எஃகுக் கத்தியின் முனையால் இரண்டையும் கீறிப் பாருங்கள். 1812இல் ஃபிரெடரிக் மோஸ் வகுத்த கடினத்தன்மை அளவுகோலில் கால்சைட் 3, குவார்ட்ஸ் 7. கத்தி ஏறத்தாழ 5.5. ஆகவே கத்தி கால்சைட்டைக் கீறும், குவார்ட்ஸைக் கீறாது. (அந்த எண்கள் வரிசையை மட்டுமே காட்டுகின்றன, 9இல் உள்ள குருந்தத்துக்கும் 10இல் உள்ள வைரத்துக்கும் இடையிலான தூரம் மற்ற படிகளுக்கு இடையில் இருப்பதைவிட மிகப் பெரிது.) பிறகு உடைந்த முகத்தைக் கவனியுங்கள். கால்சைட் மூன்று திசைகளில் வழுவழுப்பாகப் பிளந்து, ஒரு பக்கம் சாய்த்துவிட்ட செங்கல்லைப் போன்ற துண்டுகளைத் தரும். குவார்ட்ஸோ தடித்த கண்ணாடி உடைந்தாற்போல, சிப்பியின் உட்புறம் போன்ற வளைந்த பரப்புகளோடு உடையும்.

மெருகிடாத பீங்கானில் தேய்த்துத் தூளின் நிறத்தைப் பார்க்கும் சோதனை இந்த இரண்டுக்கும் உதவாது. இரும்புத் தாதுவான ஹீமடைட் போன்றவற்றுக்குத்தான் அதன் அருமை தெரியும்: கல் கறுத்திருந்தாலும் வெள்ளி போல மின்னினாலும் தூள் செம்பழுப்பாகவே விழும். பொன் என்று பலரை மயக்கிய பைரைட்டின் தூளோ பச்சை கலந்த கறுப்பு. பொன்னை உரைகல்லில் உரைத்துப் பார்ப்பதும் ஏறத்தாழ இதே முறைதான்.

பதில் 2

மேலே சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு பட்டதும் கால்சைட் நுரைத்துப் பொங்கும். குவார்ட்ஸ் சும்மா இருக்கும். கால்சைட்டை ஒத்த டோலமைட் என்ற கனிமம் தூளாக்கிய பின்னரே நன்றாக நுரைக்கும் என்பதால் அதையும் இதன் மூலம் பிரித்துவிடலாம். கண்ணுக்குக் காப்பு அணியாமல் இதைச் செய்ய வேண்டாம்.

கிரானைட் பற்றிய கேள்விக்கு வருகிறேன். கனிமத்துக்கு வேதியியல் சேர்க்கையையும் படிக அமைப்பையும் வைத்துப் பெயரிடுகிறார்கள். பாறைக்கோ அது எவற்றால் ஆனது என்பதோடு, எப்படி உருவானது என்பதையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். நிலத்தின் ஆழத்தில் பாறைக்குழம்பு மிக மெதுவாகக் குளிரும்போது குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார், மைக்கா ஆகிய கனிமங்களின் மணிகள் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு வளர நேரம் கிடைக்கிறது, அது கிரானைட். அதே குழம்பு எரிமலை வழியே வெளியே வந்து சட்டென்று குளிர்ந்தால் மணிகள் மிக நுண்ணியவையாக நின்றுவிடுகின்றன, அது ரயோலைட். ஆழத்தில் குளிர்ந்த காப்ரோ என்ற பாறைக்கும் வெளியே வந்து குளிர்ந்த பசால்ட் என்ற பாறைக்கும் உள்ள உறவும் இதுவே. மணிகளின் அளவு பாறையின் வரலாற்றையே சொல்லிவிடுவதால் அதற்குத் தனிப் பெயர் கொடுப்பது நியாயம் என்பதே என் கருத்து.

கேட்டவர்

இருவருக்கும் நன்றி. முதல் கல் தெளிவாகக் கீறப்பட்டு, அமிலத்திலும் நுரைத்தது. இரண்டாவதில் நுரை வரவில்லை. ஆனால் கத்தி அதன்மேலும் சாம்பல் நிறக் கோடு போட்டிருக்கிறதே? மேலும், முதல் கல்லில் பெரிய பிளவு முகங்கள் இல்லை. திருப்பும்போது சர்க்கரைக் கட்டியைப் போல ஆங்காங்கே சிறு புள்ளிகள்தான் மின்னுகின்றன.

பதில் 1

அந்தக் கோட்டை ஈரவிரலால் அழுத்தித் தேய்த்து, நகத்தால் தடவிப் பாருங்கள். பள்ளம் தட்டுப்படாவிட்டால், அது கல்லில் விழுந்த கீறல் அன்று. கத்தியிலிருந்து தேய்ந்து ஒட்டிய உலோகம். கல் கத்தியைவிடக் கடினமானது என்பதற்கு அதுவே சான்று. புதிதாகப் படிக்கும் பலரும் இந்த இடத்தில்தான் தவறுகிறார்கள்.

பதில் 2

முதல் கல் ஒற்றைப் படிகமன்று. ஒன்றோடொன்று பின்னிய பல கால்சைட் மணிகள் ஒவ்வொன்றும் வெவ்வேறு திசையில் பிளவு முகத்தைக் காட்டுவதால்தான் அப்படிப் புள்ளி புள்ளியாக மின்னுகிறது. அநேகமாக அது சலவைக்கல்; அதாவது சுண்ணாம்புப் பாறை வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் மறுபடிகமாகி உண்டான உருமாறிய பாறை. ஒரே கனிமத்தால் ஆனதாயினும் அதைப் பாறை என்றே சொல்ல வேண்டும். உறுதி செய்ய விரும்பினால், 0.03 மில்லிமீட்டர் தடிப்புக்குத் தேய்த்த கல்லின் சீவலை முனைவாக்க நுண்ணோக்கியில் (ஒரே தளத்தில் அதிரும் ஒளியைப் பயன்படுத்துவது) வைத்துப் பார்க்க வேண்டும். அந்தத் தடிப்பில் மணிகளின் ஓரங்கள் எப்படிப் பூட்டிக்கொண்டிருக்கின்றன என்பது தெளிவாகத் தெரியும்.