ஹேண்ட் பிரேக்குக்குத் தமிழில்: 'தரிப்புத் தடுப்பி'

அன்பர்களே, வணக்கம்.

ஹேண்ட் பிரேக்குக்குத் தமிழ்ச்சொல்லாக முந்தைய மடல்களில் அன்பர்கள் முன்வைத்த 'கைநிறுத்தி', 'கைத்தடை' இரண்டையும் ஏற்க எனக்கு மனம் ஒப்பவில்லை.

'கைநிறுத்தி' அச்சமூட்டுகிறது. ஓடும் வண்டியை நிறுத்துவதற்கு என்றல்லவா அது சொல்கிறது! பெரும்பாலான கார்களில் இந்த நெம்புகோல் கம்பிவடத்தால் பின்சக்கரங்களை மட்டுமே பிடிக்கிறது. வேகத்தில் வெடுக்கென இழுத்தால் அவை இறுகி, வண்டியின் பின்பகுதி பக்கவாட்டில் வீசும். ஓடுவதை நிறுத்துவது கால் பிரேக்கின் வேலை. நின்றதை நகராமல் பிடித்துவைப்பதே இதன் வேலை. ஓட்டக் கற்பவருக்கு இதைப் பெயரே உணர்த்த வேண்டும்.

'கை'யும் நெடுநாள் நிற்காது. பல புதிய கார்களில் இது வெறும் பொத்தான். சிலவற்றில் இடது காலால் மிதிப்பது. 'தடை'யோ, சாலையிலேயே வேகத்தடையாகக் கிடக்கிறது.

ஆகவே 'தரிப்புத் தடுப்பி'. தரிப்பு என்றால் ஓரிடத்தில் நிற்றல். பஸ் தரிப்பிடம், வாகனத் தரிப்பிடம் என்பவை இலங்கையில் அன்றாட வழக்கு. தரித்தல் என்றால் அணிதல் அல்லவா என்று கேட்கலாம். 'ஓரிடத்தில் தரிக்காமல் அலைகிறான்' என்பதும் நம் வழக்குதானே. வாசலில் விடும் வண்டிக்கு மட்டுமன்று, சிக்னலில் நிற்கும் வண்டிக்கும் இது பொருந்தும். பிரிட்டனின் சாலை விதித்தொகுப்பில் 114ஆம் விதி, வரிசையில் நிற்கும்போது இதைப் போட்டுவிட்டு, பின்னால் வருபவர் நின்றதும் கால் பிரேக்கை விடச் சொல்கிறது. பிரேக் விளக்கு அணைந்து அவர் கண் கூசாமல் இருக்கும்.

சொல் பயிற்சியாளர் வாயில் நுழைய வேண்டும். அவருக்கு எல்லாமே 'போடு', 'எடு'தான். மேட்டில் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "தரிப்பைப் போடு. கிளட்சை மெல்ல விடு. வண்டியின் மூக்கு லேசாக எழும்புகிறதா? ஆக்சிலேட்டர் கொஞ்சம் கொடு. இப்போது தரிப்பை எடு." 'தரிப்பு' என்று சுருங்கினாலும் பொருள் கெடவில்லை. 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின் 15ஆம் விதி ஓட்டுநர் தேர்வில் கேட்பதும் இதைத்தான்: செங்குத்தான ஏற்றத்தில் நிறுத்தி, பின்னால் உருளாமல் மறுபடி கிளப்ப வேண்டும். மூக்கு எழும்பும் அந்தக் கிளட்ச் நிலைக்குக் 'கவ்வுநிலை' என்று வைக்கலாம்.

காற்று பிரேக் உள்ள லாரிகளில் காற்றை இறக்கினால் சுருள்வில் சக்கரத்தைப் பிடித்துக்கொள்கிறது. அங்கும் 'தரிப்பைப் போடு' ஒத்துவருமா? கனரக வண்டி ஓட்டும் அன்பர்கள் எழுதுங்கள்.