கிரெடிட் ஸ்கோர்: வெள்ளிக்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும்

வியாசர்பாடி, வகுப்பு நடத்துபவர்:

குழுவினர்க்கு வணக்கம். முதல் சம்பளம் வாங்கத் தொடங்கியிருக்கும் பிள்ளைகளுக்கு ஞாயிறு மாலைகளில் பணக் கணக்கு சொல்லித் தருகிறோம். அதற்கான 16 பக்கக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. மாதத் தவணை, தொடர் வைப்பு, அவசரச் சேமிப்பு எல்லாவற்றுக்கும் சொல் அமைந்துவிட்டது. கிரெடிட் ஸ்கோரில் மாட்டிக்கொண்டேன். வரைவில் ‘கடன் மதிப்பெண்’ என்று போட்டிருந்தேன். போன வாரம் ஒரு பையன், “மார்க் ஏறணும்னா நெறைய கடன் வாங்கணுமா சார்?” என்று கேட்டான். பாதி வகுப்பு அப்படித்தான் நினைத்திருந்தது. கடன் கொடுக்கும் முன் வங்கிகள் பார்க்கும், 300 முதல் 900 வரை போகும் இந்த எண், வாங்கிய கடனைத் தவணை தவறாமல் கட்டினோமா என்பதைத்தான் முக்கியமாகப் பார்க்கிறது. சொல்லிலேயே அது தெரிய வேண்டும்.

திருவொற்றியூர், வங்கிப் பணி ஓய்வு:

தம்பி, ‘சிபில்’ என்றே போடுங்கள். “சிபில் அடிவாங்கிடுச்சு” என்று ஆட்டோ ஸ்டாண்டில்கூடப் பேசுகிறார்கள். சொல்லைவிட முக்கியமான இரண்டைக் கையேட்டில் சேருங்கள். செல்போன் தவணையைத் தவறவிட்டாலும் அது பதிவாகும். நம் எண்ணை நாமே பார்ப்பதால் எண் குறையாது. இதற்குப் பயந்தே பல பிள்ளைகள் பார்க்காமல் இருக்கிறார்கள்.

ராயபுரம், தமிழாசிரியர்:

சிபில் என்பது கடன் விவரங்களைத் திரட்டி இந்த எண்ணைத் தரும் ஒரு நிறுவனத்தின் பெயர். எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹை மார்க் என்று இன்னும் மூன்று இருக்கின்றன. ஒன்றின் பெயரைப் பொதுச்சொல்லாக்குவது எப்படிப் பொருந்தும்? என் பரிந்துரை ‘நாணயப் புள்ளி’. “நாணயமான ஆளு” என்று சொன்னால் சென்னையில் விளங்காதவர் யார்? நாண், நயம் இரண்டும் சேர்ந்த சொல் அது. சொன்ன சொல் தவற நாணுகிற நயம். கடன் என்பதற்கே கடமை என்றுதான் பழம்பொருள். ‘ஈன்று புறந்தருதல் என்தலைக் கடனே’ என்றார் பொன்முடியார், புறநானூறு 312.

பெரம்பூர்:

ஐயா, புறநானூறு சரி. நாணயத்துக்கு நாண் வேராகாது. வடமொழியில் காசைக் குறிக்கும் ‘நாணக’ என்ற சொல்லோடு தொடர்புடையது அது. குஷாணர் காசுகளில் இருக்கும் நானா என்ற பெண் தெய்வத்தின் பெயரிலிருந்து அந்தச் சொல் வந்தது என்பாரும் உண்டு. தூய தமிழ் வேண்டுமென்றால் ‘தண்டல்’ என்பதிலிருந்து தொடங்கலாம். தண்டுதல் என்றால் வசூலித்தல். தண்டையார்பேட்டை என்ற பெயரே அதிலிருந்து வந்திருக்குமோ?

ராயபுரம், தமிழாசிரியர்:

இல்லை. தொண்டியிலிருந்து வந்த குணங்குடி மஸ்தான் சாகிபை மக்கள் தொண்டியார் என்று அழைத்தார்கள். தொண்டியார்பேட்டைதான் தண்டையார்பேட்டை ஆயிற்று. அவருடைய தர்கா இன்றும் அங்கே இருக்கிறது. நாணயம் எங்கிருந்து வந்தாலும் இன்று நம் சொல். அதை ஏன் விட வேண்டும்?

கொருக்குப்பேட்டை, ஆசிரியை:

ஐயா, நாணயத்துக்கு நேர்மை என்று நீங்கள் சொன்ன பொருளாலேயே அந்தச் சொல் வேண்டாம் என்கிறேன். என் மாணவி ஒருத்தியின் அம்மா பூ விற்கிறார். தண்டலில், அதாவது தினவசூல் கடனில், 10,000 வாங்கினால் பிடித்தம் போகக் கையில் வருவது 8,500. அதை நாளுக்கு நூறாக 100 நாள் கட்டுகிறார். மழை நாளிலும் ஒரு நாள் தவறியதில்லை. தண்டல் எந்த ஏட்டிலும் ஏறாது. வங்கியிலோ வேறு கடன் நிறுவனத்திலோ கடன் கணக்கே இல்லாததால் அவருக்கு எண்ணே கிடையாது. நாம் அதற்கு நாணயம் என்று பெயர் வைத்தால், அந்தப் பெண் தன் அம்மாவுக்கு நாணயம் இல்லை என்றல்லவா படிப்பாள்? இந்த எண்ணுக்கு நேர்மையை அளக்கத் தெரியாது. நிறுவனங்களிடம் வாங்கிய கடன் எப்படி அடைந்தது என்பது மட்டுமே அதற்குத் தெரியும். எங்கள் பக்கம் கடனைக் “கட்டிட்டேன்” என்பார்கள், முடிந்தால் “அடைச்சிட்டேன்” என்பார்கள். ‘கடனடைவு எண்’ என்று வைக்கலாமே?

பெரம்பூர்:

அழகான சொல். ஆனால் பள்ளிக்கூடத்தில் ‘அடைவுத் தேர்வு’ என்று ஒன்று நடக்கிறது. அடைவு என்றால் பிள்ளைகளுக்கு அதுதான் நினைவுக்கு வரும். தவிர, நடந்துகொண்டிருக்கும் கடனுக்கும் இந்த எண் உண்டு. அடைவு என்றால் முடிந்துபோன கடனுக்கு மட்டும்தான் என்று தோன்றாதா?

திருவொற்றியூர், வங்கிப் பணி ஓய்வு:

டீச்சரம்மா சொன்ன பூக்காரம்மா கதை என்னைத் தூங்கவிடவில்லை. கவுண்ட்டரில் உட்கார்ந்து அப்படி எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். நாணயம் வேண்டாம். ஆனால் அடைவு எண் என்று எந்த வங்கியில் போய்க் கேட்பான் பையன்?

வியாசர்பாடி, வகுப்பு நடத்துபவர்:

அச்சகத்திலிருந்து இரண்டு முறை கூப்பிட்டுவிட்டார்கள். கடன் மதிப்பெண்ணுக்கு ஐவர், கடனடைவு எண்ணுக்கு மூவர், நாணயப் புள்ளிக்கு ஒருவர். செய்தித்தாளில் பிள்ளைகள் பார்க்கப்போவதும் ‘கடன் மதிப்பெண்’ என்பதால் அதையே விட்டுவிட்டேன். பக்கத்தில் ‘சிபில் என்று பேசப்படுவது’ என்றும், கீழே கட்டம் கட்டி ‘கடன் கூடினால் இது ஏறிவிடாது, தவணை தவறினால் குறையும். தண்டலும் சீட்டும் இதில் சேராது’ என்றும் போட்டிருக்கிறேன். ஆசிரியைக்கு அந்தக் கட்டத்துக்காக நன்றி.

கொருக்குப்பேட்டை, ஆசிரியை:

கட்டத்தை ஏற்கிறேன், சொல்லை ஏற்கவில்லை. எனக்கு வரும் 40 பிரதிகளிலும் ‘கடனடைவு எண்’ என்று ஓரத்தில் பேனாவால் எழுதித்தான் கொடுப்பேன்.

ராயபுரம், தமிழாசிரியர்:

எழுதுங்கள் அம்மா. மறுபதிப்பு வந்தால் வரவுக்கும் செலவுக்கும் ஆகாறு, போகாறு என்று குறள் 478-இல் இருப்பதையும் பார்க்கலாம். ஆறு என்றால் வழி. பணம் வரும் வழி, போகும் வழி. இதைத் தனி இழையாகத் தொடங்குகிறேன்.