−12/4, √16, 1/17, 22/7: எது எந்த வகை?

கேள்வி (ஒன்பதாம் வகுப்பு):
−12/4 பின்னம்தானே, அது எப்படி முழுக்களில் சேரும்? √16-க்கு மூலக்குறி இருக்கிறதே, விகிதமுறா எண் இல்லையா? 1/17-ஐக் கால்குலேட்டரில் போட்டால் 0.0588235294 என்று வருகிறது. எந்த இலக்கமும் சுழலவில்லையே, ஐயா?

பதில் 1:
எழுதியிருக்கும் வடிவத்தை வைத்து வகை பிரிக்காதீர்கள். முதலில் சுருக்குங்கள், பிறகு மதிப்பைப் பாருங்கள். −12/4 = −3, √16 = 4; இரண்டும் முழுக்கள். √18/√2 கூட √9, அதாவது 3தான். இயல் எண்ணின் வர்க்கமூலம் ஒன்று இயல் எண்ணாகவே வரும், இல்லாவிட்டால் விகிதமுறா எண், அதாவது இரு முழுக்களின் பின்னமாக எழுத முடியாதது. நடுவில் பின்னமாக வரவே வராது. 5 முழு வர்க்கம் இல்லை, ஆகவே √5 விகிதமுறா எண்.

பதில் 2:
1/17-க்குக் கால்குலேட்டரை நம்பாதீர்கள், நீள் வகுத்தல் போடுங்கள். 17-ஆல் வகுக்கும்போது மீதி 0 வந்தால் வகுத்தல் முடிந்துவிடும். வராவிட்டால் மீதி 1 முதல் 16 வரைதான் இருக்க முடியும். எனவே 16 படிகளுக்குள் பழைய மீதி திரும்பியே ஆக வேண்டும். அங்கிருந்து இலக்கங்களும் திரும்பும். இங்கே பதினாறும் வருகின்றன: 0.0588235294117647, அடுத்து மறுபடி 0588… திரையில் பத்து இடம்தான் என்பதால் சுழற்சி கண்ணில் படவில்லை.

தசமம் முடியுமா என்று பார்க்க, சுருக்கிய பின் பகுதியை (பின்னத்தின் கீழ் எண்ணை) காரணிப்படுத்துங்கள். 2, 5 தவிர வேறு பகாக் காரணி இல்லையென்றால் முடியும். 7/28-ல் பலரும் 28-ஐப் பார்த்து ‘முடிவுறா’ என்று எழுதிவிடுகிறார்கள். சுருக்கினால் 1/4, அதாவது 0.25.

பதில் 3:
தலைப்பில் உள்ள 22/7 விகிதமுறு எண், π அப்படியில்லை. 22/7 = 3.142857…, π = 3.14159… மூன்றாம் தசம இடத்திலேயே பிரிந்துவிடுகின்றன. ‘π = 22/7 எனக் கொள்க’ என்பது தோராயம் மட்டுமே. π விகிதமுறா எண் என்று 1761-ல் லாம்பர்ட் நிறுவினார்.

கேள்வி கேட்டவர்:
நன்றி ஐயா. 0.1666…, 0.101001000100001… இரண்டும்?

பதில் 2:
முதலாவதை x என்று வையுங்கள். 100x = 16.666…, 10x = 1.666…; கழித்தால் 90x = 15, x = 1/6. இதை 16/99 என்று எழுதினால் தவறு, அது 0.161616… இரண்டாவதில் ஒழுங்கு இருக்கிறது, ஆனால் சுழற்சி இல்லை. பூச்சியங்கள் ஒவ்வொரு முறையும் ஒன்று கூடுவதால் எந்தத் தொகுதியும் அப்படியே திரும்பத் திரும்ப வராது. விகிதமுறு எண்ணின் தசமம் முடிய வேண்டும் அல்லது சுழல வேண்டும்; இது இரண்டும் செய்யாததால் விகிதமுறா எண்.