அவசரம்: மேக் கையேட்டில் விண்டோஸ் தலைப்பு வருகிறது

நூல்கண்டு:
எங்கள் கணக்கு மென்பொருளுக்கு உதவிக் கையேடு எழுதுகிறேன். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றுக்கும் தனித்தனியாக வரும்படி பிரித்துதான் வைத்திருக்கிறேன், ஆனால் மேக் கையேட்டில் "மேக்கில் நிறுவுதல்" என்று இணைப்பு வர வேண்டிய இடத்தில் "விண்டோஸில் நிறுவுதல்" என்று வருகிறது, சொடுக்கினால் வெள்ளைப் பக்கம். நேற்று சாயங்காலத்திலிருந்து இதே கதை. நாளைக் காலையில் கொடுக்க வேண்டும், யாராவது சொல்லுங்களேன்.

திண்ணை67:
எதில் எழுதுகிறீர்கள்? பிரித்து வைத்திருக்கிறேன் என்றால் எப்படி, தனித்தனிக் கோப்பா, ஒரே கோப்பில் நிபந்தனை போட்டா?

மழைக்கோழி:
பிரௌசர் கேஷ், சேமித்து வைத்த பழைய பக்கத்தையே காட்டும். எனக்கும் இப்படித்தான் ஒரு நாள் முழுக்கப் போனது. அழித்துவிட்டுப் பாருங்கள்.

பழைய_டெர்மினல்:
தம்பி, எந்தக் கருவி, எந்தப் பதிப்பு, என்ன கட்டளை, என்ன எச்சரிக்கை வந்தது, ஒன்றுமே இல்லாமல் "வருகிறது" என்றால் நாங்கள் வெற்றிலையில் மை போட்டா பார்ப்பது? கேள்வி கேட்கவும் ஒரு முறை இருக்கிறது.

நூல்கண்டு:
ஸ்பிங்க்ஸ், எழுத்துக் கோப்புகளிலிருந்து கையேட்டுப் பக்கங்களை உருவாக்கும் கருவி. சொல்லாமல் விட்டது தப்புதான். மூன்று கோப்புகள், ஒவ்வொன்றையும் முழுதாக ஒன்லி டைரக்டிவுக்குள் (இந்த டேக் இருந்தால் மட்டும் காட்டு என்னும் கட்டளை) போட்டு, பில்ட் செய்யும்போது, அதாவது பக்கங்களை உருவாக்கும்போது, மேக் டேக் கொடுக்கிறேன். கேஷ் அழித்தாயிற்று, அதே வெள்ளைப் பக்கம். அப்புறம், தம்பி இல்லை, அக்கா.

குறுக்குத்தெரு:
எதற்கு மூன்று கையேடு? ஒரே பக்கத்தில் மூன்று டேப் வையுங்கள். ஒரு இடத்தில் மேக் தேர்ந்தெடுத்தால் எல்லாப் பக்கத்திலும் மேக்காக மாறும்படி சேர்த்துக் கட்டலாம், டாக்கசாரஸ், எம்கேடாக்ஸ் மெட்டீரியல் என்னும் கையேட்டுக் கருவிகளில் அது கூடவே வருகிறது. இன்னும் நல்லது, வாசகர் என்ன இயங்குதளத்தில் இருக்கிறார் என்று ஸ்கிரிப்டே கண்டுபிடித்துக் காட்டிவிடட்டும்.

அரைத்தூக்கம்:
கண்டுபிடிக்கிற கதையை நம்பி மோசம் போகாதீர்கள். 2019இல் வந்த ஐபேட்ஓஎஸ் 13இலிருந்து ஐபேடில் சஃபாரி தன்னை மேக் என்றுதான் சொல்லிக்கொள்கிறது. விண்டோஸ் 11 இருந்தாலும் பிரௌசர் தன்னைப் பற்றித் தளத்துக்குச் சொல்லும் யூசர் ஏஜென்ட் வரியில் 10.0 என்றே வரும். அதையும் விடுங்கள், எங்கள் அலுவலகத்தில் பாதிப் பேர் விண்டோஸ் கணினியில் கோளாறு வந்தால் கையிலிருக்கும் போனில்தான் உதவிப் பக்கம் தேடுகிறார்கள். அவர்களுக்கு எதைக் காட்டும் உங்கள் ஸ்கிரிப்ட்? டேப்பிலும் ஒரு வில்லங்கம் உண்டு, மூடிக்கிடக்கும் டேப்புக்குள் இருக்கும் சொல்லைக் கண்ட்ரோல் எஃப் போட்டுத் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது.

மழைக்கோழி:
மேக்கில் கண்ட்ரோல் எஃப் இல்லை, கமாண்ட் எஃப் :)

குறுக்குத்தெரு:
அதைத்தானே சொல்கிறேன், விசை மட்டும்தான் மாறுகிறது, மற்றதெல்லாம் ஒன்றுதான். இதற்குப் போய் மூன்று கையேடு எழுதுவது வெட்டி வேலை.

அரைத்தூக்கம்:
விசை மட்டுமா? லிப்ரே ஆஃபிஸை எடுத்துக்கொள்ளுங்கள். விண்டோஸில் டூல்ஸ் மெனுவுக்குள் ஆப்ஷன்ஸ், மேக்கில் செயலியின் பெயரிலேயே இருக்கும் மெனுவுக்குள் பிரிஃபரன்சஸ். மேக்குக்குள்ளேயே 2022இல் வென்சுரா பதிப்பு வந்தபோது சிஸ்டம் பிரிஃபரன்சஸ் என்பதை சிஸ்டம் செட்டிங்ஸ் ஆக்கிவிட்டார்கள், பழைய கையேட்டை வைத்துக்கொண்டு தேடினவர்களுக்குத்தான் தெரியும் அந்தப் பாடு. விசை மட்டும் மாறும் இடத்துக்கு லிப்ரே ஆஃபிஸ்காரர்கள் தங்கள் உதவிக் கோப்பில் ஒரே வாக்கியத்துக்குள் மேக் என்றால் கமாண்ட், இல்லாவிட்டால் கண்ட்ரோல் என்று குறி போட்டு வைக்கிறார்கள். வழியே மாறும் இடத்தில் பத்தியையே பிரிக்க வேண்டியதுதான்.

பழைய_டெர்மினல்:
கமாண்டை ஏன் கமாண்ட் என்றே எழுதுகிறீர்கள்? கட்டளை விசை என்று எழுதினால் கை கூசுமா?

மழைக்கோழி:
பலகையில் அச்சடித்திருப்பது எதுவோ அதைத்தான் எழுத வேண்டும் அண்ணே. கட்டளை விசை என்று எழுதினால் என் அம்மா பலகை முழுக்கத் தேடுவார்.

பழைய_டெர்மினல்:
தேடிக் கற்றுக்கொள்ளட்டும்.

திண்ணை67:
சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். நூல்கண்டு, மூன்று கோப்பின் தலைப்புக்கு மேலும் ஒரே லேபிளா (இணைப்பு தேடிப் போகும் பெயர்)? பில்டின்போது டூப்ளிகேட் லேபிள் என்று எச்சரிக்கை ஓடியிருக்குமே.

நூல்கண்டு:
ஆமாம், மூன்றிலும் "நிறுவல்" என்று ஒரே லேபிள்தான். எச்சரிக்கை நிறைய ஓடுகிறது, நான் பார்ப்பதில்லை.

திண்ணை67:
அப்போ அதுதான். ஒன்லி டைரக்டிவ் உள்ளே இருக்கும் எழுத்தை மட்டும்தான் மறைக்கும், தலைப்பையும் லேபிளையும் கட்டுப்படுத்தாது என்று ஸ்பிங்க்ஸ் கையேட்டிலேயே இருக்கிறது. மூன்று கோப்பையும் அது படித்துவிடுகிறது, ஒரே லேபிள் மூன்று முறை வந்தால் கடைசியில் படித்தது நிற்கும். அகர வரிசையில் லினக்ஸ், மேக், விண்டோஸ் என்று போனால் கடைசி விண்டோஸ். அதனால்தான் இணைப்பு அங்கே போகிறது, எழுத்து மறைந்திருப்பதால் பக்கம் வெள்ளை. பொருளடக்கத்திலும் மூன்று தலைப்பும் நிற்கும், பாருங்கள்.

ஒன்லியை எடுத்துவிடுங்கள். ஸ்பிங்க்ஸின் அமைப்புகள் இருக்கும் கான்ஃப் கோப்பில் மேக் டேக் இருக்கிறதா என்று பார்த்து மற்ற இரண்டு கோப்பையும் எக்ஸ்க்ளூட் பேட்டர்ன்ஸ் என்னும் விலக்குப் பட்டியலில் சேருங்கள், டேக்கை அங்கேயே கேட்கலாம். பொருளடக்கத்தைக் கட்டும் டாக்ட்ரீயில் கோப்புப் பெயர்களை எழுதாமல் குளோப் (இருக்கும் கோப்புகளைத் தானே சேர்த்துக்கொள்வது) போட்டு வையுங்கள், இல்லாவிட்டால் விலக்கிய கோப்பைக் காணோம் என்று அது வேறு கத்தும். கண்ட்ரோல், கமாண்டுக்கு அதே கான்ஃப் கோப்பில், எல்லாக் கோப்பின் தொடக்கத்திலும் சேரும் ஆர்எஸ்டி புரோலாகில் ஒரு மாற்றுச்சொல் வைத்தால் போதும். ஒவ்வொன்றையும் தனி அவுட்புட் ஃபோல்டரில் பில்ட் செய்யுங்கள்.

குறுக்குத்தெரு:
டேப் வைத்திருந்தால் இந்தத் தொல்லையே இல்லை.

நூல்கண்டு:
வந்துவிட்டது!! மேக்கும் விண்டோஸும் சரி. திண்ணைக்கு ஒரு பில்டர் காபி கடன். கிளம்புகிறேன்.

அரைத்தூக்கம்:
லினக்ஸ் பார்த்தீர்களா?

பழைய_டெர்மினல்:
போய்விட்டார். மழைக்கோழி, ஷிஃப்டுக்கு என்ன எழுதுவீர்கள்?