மொய் மட்டும் கொடுத்தனுப்பும் அப்பா

அப்பாவுக்கு 81 வயது. ஒரு காலத்தில் யார் வீட்டுக் கல்யாணமானாலும் முந்தின நாளே போய்ப் பந்தி விசாரிப்பவர். நான்கு வருடமாக மொய்ப்பணத்தை மட்டும் என்னிடம் கொடுத்தனுப்புகிறார். அம்மா போன துக்கத்தில் ஒடுங்கிவிட்டார் என்று நினைத்து, வாக்கிங் போகும் பெரியவர்களோடு சேர்த்துவிட்டேன். இரண்டு நாள் போனார். அப்புறம் செருப்பைத் தொடவில்லை.

போன ஐப்பசியில் ஒருநாள், "சின்னவனைப் பார்க்கணும், வண்டியை எடு" என்றார். சித்தப்பாவோடு 16 வருடமாகப் பேச்சில்லை. வரப்புத் தகராறு. பாட்டியின் காரியத்தில்கூட ஆளுக்கொரு திண்ணையில்தான் உட்கார்ந்திருந்தார்கள். வழியெல்லாம் எனக்கு வயிற்றைக் கலக்கியது.

கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்த சித்தப்பா பதறி எழுந்தார். "முட்டி வலி எப்படிடா இருக்கு?" என்றார் அப்பா.

"இருக்குண்ணே. உள்ள வாங்க."

வரப்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மதியம் வரை குளத்தில் முங்கிய கதைதான். திரும்பும்போது அப்பா தானாகவே சொன்னார்: "மண்டபத்துல நானூறு பேருக்குத் தலையாட்டுற நேரத்துக்கு இவன்கூட உட்காரலாம்ல." இப்போது வாரம் ஒருநாள் கொண்டுபோய் விடுகிறேன்.

•

அண்ணா, உங்கள் அப்பாவைப் பற்றிப் படித்ததும் கண் கலங்கிவிட்டது. நான் கல்லூரியில் உளவியல் நடத்துகிறேன். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் லாரா கார்ஸ்டென்சன் பல வருடமாகச் சொல்லிவருவது இதைத்தான்: மிச்சமிருக்கும் காலம் கொஞ்சம் என்று தெரிந்தால், மனசு புது அறிமுகங்களை விட்டுவிட்டு நெருங்கியவர்களைத் தேடும். வயது மட்டுமே காரணமில்லை. 1997இல் ஹாங்காங் சீனாவின் கைக்குப் போகவிருந்த சமயத்தில், அங்கே இளவயதினரும் பெரியவர்களைப் போலத் தெரிந்த முகங்களையே விரும்பியதை அவரும் சக ஆய்வாளர்களும் பதிவு செய்திருக்கிறார்கள்.

இதையெல்லாம் வகுப்பில் சொல்லிக்கொடுக்கும் நானே வீட்டில் ஏமாந்தேன். என் அம்மா பழகுகிறவர்களை ஒவ்வொருவராகக் குறைத்தபோது, வயதானால் இப்படித்தான் என்று விட்டுவிட்டேன். கடைசியில் பெரியம்மாவின் போனையும் எடுக்கவில்லை. தினமும் சாயங்காலம் 4 மணிக்கு அந்த ஒரு குரலுக்காகவே காத்திருந்தவர். சாப்பாடும் பாதியாகிவிட்டது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. மருத்துவர் மனச்சோர்வு என்றார். யாரை விடுகிறார்கள் என்பதை மட்டும் பார்க்காதீர்கள். ரொம்பப் பிடித்தவரையும் விடுகிறார்களா என்று பாருங்கள்.

மருந்து ஆரம்பித்து இரண்டு மாதம் கழித்து, ஒரு சாயங்காலம் அடுப்படிக்கு வந்து கேட்டார்: "மணி நாலாச்சே, அக்காவுக்குப் போன் போட்டுக் குடுடி."