லித்தியம் எடுக்கும் நண்பன் போதைக் காளான் கேட்கிறான். என்ன சொல்வது?

கேட்பவர்: பைன்மரநிழல்

2022 மழைக்காலத்தில், அப்பா இறந்து நான்கு மாதம் கழித்து, கொடைக்கானலில் ஒருமுறை காளான் சாப்பிட்டேன். பைன் மரங்களுக்கு அடியில் உட்கார்ந்து ஐந்தாறு மணி நேரம் அழுதேன். ஊருக்குத் திரும்பிய மறுநாள்தான் அப்பாவின் சட்டைகளை என்னால் மடித்து எடுத்துவைக்க முடிந்தது. அது சட்டப்படி குற்றம் என்று தெரியும். அதற்கு நியாயம் கேட்டு இங்கே வரவில்லை.

இந்தக் கதையை விடுதிக் காலத்து நண்பன் ஒருவனிடம் சொல்லிவிட்டேன். ஒரு முறை அல்ல, பல முறை, ஒவ்வொரு முறையும் கொஞ்சம் அழகுபடுத்தி. அவனுக்கு இருமுனைக் கோளாறு. 2019இல் பதினொரு நாள் தூங்காமல், பைக்கை விற்று, முன்பின் தெரியாதவர்களுக்கெல்லாம் பணம் கொடுத்துவிட்டு வந்தவன். அவனுடைய சித்தப்பாவுக்கு மனச்சிதைவு. இப்போது காலையும் இரவும் மனநிலையைச் சீராக வைக்கும் லித்தியம் மாத்திரை, அவ்வப்போது ரத்தப் பரிசோதனை. வேலைக்குப் போகிறான். ஆனால், "மழை வழியும் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பது போல இருக்கிறதடா" என்கிறான்.

அடுத்த மாதம் கொடைக்கானல் போகிறேன். தானும் வருவதாகச் சொல்கிறான். ஒரு வாரம் முன்பே மாத்திரையை நிறுத்திவிட்டுத் தயாராக வருவானாம். தயங்கினேன். "உனக்குக் கிடைத்தது எனக்கு ஏன் கிடைக்கக் கூடாது? நோயாளி என்பதாலா?" என்று கேட்டான். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. இந்த முறை காளான் கிடைக்கவில்லை என்று பொய் சொல்லித் தப்பித்துவிடலாமா என்று கூட யோசிக்கிறேன்.

பதில் 1: முல்லைக்கொடி

கொடுக்காதீர்கள். ஆனால், பொய்யும் சொல்லாதீர்கள். மன அழுத்தத்தில் நான் இரண்டு வருடம் இருந்தபோது என்னைச் சுற்றியிருந்த எல்லோரும் என் நன்மைக்காகவே பொய் சொன்னார்கள். கல்யாணப் பத்திரிகையை மறைத்தார்கள், பாட்டியின் சாவைக்கூட இரண்டு நாள் கழித்துச் சொன்னார்கள். நோயைவிட அது என்னை அதிகம் சிறுமைப்படுத்தியது. அவருக்கு முப்பது வயது இருக்குமா? முப்பது வயதுக்காரரிடம் பேசுவதைப் போலவே முகத்தைப் பார்த்து, "என் கையால் தர மாட்டேன், காரணம் இது" என்று சொல்லுங்கள். கோபப்படும் உரிமையாவது அவருக்கு மிஞ்சட்டும்.

பதில் 2: பழையஅறைத்தோழன்

தம்பி, நான் கொடுத்தவன். அதனால் நீளமாக எழுதுகிறேன்.

பெங்களூரில் ஒரே அறையில் இருந்தோம். காதல் முறிந்து அவன் ஒடுங்கிக் கிடந்த நேரம். தனக்குள் யாரோ பேசுவது போலச் சில சமயம் தோன்றுகிறது என்று முன்பே ஒருமுறை என்னிடம் சொல்லியிருந்தான். நான் அதைக் காதில் வாங்கியும் மனதில் வாங்கவில்லை. ஒரு சனிக்கிழமை எல்.எஸ்.டி. என்ற போதைப்பொருள் ஊறிய ஸ்டாம்ப் ஒன்றைப் பாதியாகக் கிழித்துக் கொடுத்தேன். அன்பினால்தான் கொடுத்தேன். இதை இன்றைக்கும் சொல்வேன், ஆனால் அந்த அன்பு அவனுக்கு எதற்கும் உதவவில்லை.

எனக்கு ஞாயிறு காலையில் தெளிந்துவிட்டது. அவனுக்குத் தெளியவில்லை. மூன்று இரவு தூங்கவில்லை. பக்கத்து வீட்டுக் குக்கர் விசில் அவனுக்கு அனுப்பப்படும் செய்தி என்றான். எத்தனை விசில் என்று சுவரில் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டே இருந்தான். நான்காம் நாள் அவன் அம்மா காரைக்குடியிலிருந்து இரவு பஸ் பிடித்து வந்தார். கையில் முறுக்கு டப்பா. மகனைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பி, "கடைச் சாப்பாட்டில் யாராவது எதையாவது கலந்திருப்பார்களா தம்பி?" என்று கேட்டார். தெரியாது என்றேன்.

மருத்துவமனையில் டாக்டர், போதைப்பொருள் ஏதேனும் உண்டா என்று கேட்டபோதும் இல்லை என்றேன். போலீஸ் பயம். அந்தப் பொய்யோடு இரண்டு நாள் ஓடியது. அதற்குப் பிறகுதான் மாடிப்படி அருகே டாக்டரை நிறுத்தி உண்மையைச் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. எவ்வளவு, எப்போது என்று மட்டும் கேட்டுக் குறித்துக்கொண்டார். அம்மாவிடம் சொல்ல எனக்கு எட்டு மாதம் ஆயிற்று.

அவன் இப்போது ஊரில் இருக்கிறான். மாத்திரை எடுக்கிறான், தம்பியின் கடையில் கணக்குப் பார்க்கிறான். நான் கொடுக்காவிட்டாலும் அது ஒருநாள் வந்திருக்கும் என்று சிலர் ஆறுதல் சொல்கிறார்கள். வந்திருக்கலாம். ஆனால் அந்தச் சனிக்கிழமை வந்ததற்குக் காரணம் நான்.

பகிர்ந்துகொள்வது என்கிறோம். நாம் பகிர்வது அந்த ஒரு மாலையை மட்டும்தான். பிறகு வரும் மாதங்கள் அவனுக்கும் அவன் அம்மாவுக்கும்தான்.

பதில் 3: இரவுப்பணி

மனநலப் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். உங்கள் கேள்வியில் என்னைப் பதறவைத்தது காளானைவிட அந்த "ஒரு வாரம் மாத்திரையை நிறுத்துவது"தான். லித்தியத்தைத் திடீரென நிறுத்தினாலே மிகை எழுச்சி, அதாவது 2019இல் அவருக்கு வந்தது போன்ற நிலை, திரும்பி வரக்கூடும். நிறுத்தாமல் காளான் சாப்பிட்டாலும் ஆபத்துதான். லித்தியமும் காளானும் சேர்ந்து வலிப்பு வந்ததாகப் பதிவுகள் உள்ளன. போதைக் காளானில் இருக்கும் சிலோசைபின் என்ற பொருளைச் சட்டப்படி அனுமதித்துள்ள அமெரிக்காவின் ஓரிகனிலேயே, கடந்த 30 நாட்களில் லித்தியம் எடுத்தவருக்கு அதைத் தருவதில்லை.

சிலோசைபின் மன அழுத்தத்தைக் குணப்படுத்துகிறது என்று செய்திகளில் படித்துவிட்டுப் பலர் கேட்கிறார்கள். 2022இல் வெளிவந்த பெரிய ஆய்வில் 233 பேர் கலந்துகொண்டார்கள். 25 மில்லிகிராம் எடுத்தவர்களிடம் மூன்றாவது வாரத்தில் நல்ல மாற்றம் தெரிந்தது, உண்மை. ஆனால் இருமுனைக் கோளாறோ மனப்பிறழ்வு நோயோ உள்ளவர்களை இத்தகைய ஆய்வுகள் வாசலிலேயே வடிகட்டிவிடுகின்றன. மாத்திரைகளை மருத்துவர் மேற்பார்வையில் குறைக்கிறார்கள், பயிற்சி பெற்றவர் பக்கத்திலேயே இருக்கிறார். அந்த முடிவில் உங்கள் நண்பரைப் போன்ற ஒருவர்கூட இல்லை. மேலும், புல்வெளியில் பறிக்கும் காளானில் எத்தனை மில்லிகிராம் என்று யாருக்குத் தெரியும்? அது அந்தக் காளான்தானா என்பதே பல நேரம் சந்தேகம். கல்லீரலைக் கெடுக்கும் காளான்கள் பல மணி நேரம் எந்த அறிகுறியும் காட்டாது.

மழைக் கண்ணாடி என்று அவர் சொன்னாரே, அதை அப்படியே அவருடைய மருத்துவரிடம் சொல்லவேண்டும். மருந்தளவு கூடியிருக்கலாம், தைராய்டு குறைந்திருக்கலாம். லித்தியம் எடுப்பவர்களிடம் இது அடிக்கடி பார்ப்பதுதான். இரவில் அவசரமென்றால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, தமிழிலேயே பேசலாம்.

கேட்டவர்: பைன்மரநிழல்

நேற்று அவன் வீட்டு மொட்டை மாடியில் பேசினேன். தர மாட்டேன் என்றேன். உன் அம்மா என்னிடம் கேட்டால் பொய் சொல்லவேண்டிய எதையும் உனக்குச் செய்ய மாட்டேன் என்றேன். அந்தக் காளான் கதையை நான் எவ்வளவு மிகைப்படுத்தினேன் என்பதையும் சொன்னேன். அழுததற்கு முன் ஒரு மணி நேரம், அப்பாவின் குரல் மரத்துக்குள்ளிருந்து கேட்பதாக நான் நடுங்கிக்கொண்டிருந்ததை அவனிடம் இதுவரை சொன்னதே இல்லை.

"நீயும் அவர்களில் ஒருவன்தான்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டான்.

கொடைக்கானல் அறையை ரத்து செய்துவிட்டேன். வியாழக்கிழமை டாக்டரிடம் போகும்போது நானும் வரட்டுமா, மழைக் கண்ணாடியைப் பற்றி நீயே சொல், நான் வெளியே உட்கார்ந்திருக்கிறேன் என்று இரவு செய்தி அனுப்பினேன். படித்துவிட்டான். இன்னும் பதில் வரவில்லை.